காளைமேல் இருப்பவளின் ரவிக்கை

பெரியம்மா வீட்டு அலமாரியில் இருந்த அந்தப் பொருளை விசிறி என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. சாமி என்றுதான் சொல்வார்கள். அரைவட்டமாக விரித்து, பின்பலகையோடு சாய்த்து வைத்திருக்கும். கீழே தந்தக் குச்சிகள், மேலே மெல்லிய தோலில் தீட்டிய ஓவியம். கடற்கரையில் ஒரு வெள்ளைக் காளை, கொம்புகளில் பூச்சரம். காளையின் முதுகில் ஒரு பெண் ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையால் கொம்பைப் பிடித்திருக்கிறாள். சுற்றிலும் மாலை ஏந்திய தோழிகள். மேகங்களுக்கு நடுவே சிறகு முளைத்த குழந்தைகள். கடலும் வானமும் தோழிகளின் உடைகளும் வெளிறி, பால் அதிகமான தேநீரின் நிறத்துக்கு வந்திருந்தன. காளைமேல் இருப்பவள் மட்டும் பழுத்த மிளகாயின் சிவப்பில், முழங்கை வரை கை வைத்த, பளபளவென்று மின்னும் ரவிக்கை ஒன்று போட்டிருந்தாள். சிறு வயதில் அலமாரியின் முன்னால் போய் நின்றால் என் கண் நேராக அந்த ரவிக்கைக்குத்தான் போகும். வளர்ந்து, படித்து, வேலைக்குப் போன பிறகும் அங்கேதான் போனது. காரணம்தான் மாறிவிட்டது.

நீலகிரியில் கைவிசிறிக்கு வேலை கிடையாது. எங்கள் எஸ்டேட் குன்னூரிலிருந்து மஞ்சூர் போகும் சாலையில் இருந்தது. மழைக்காலம் தொடங்கினால் மூடுபனி வீட்டுக்குள்ளேயே குடிவந்துவிடும். துவைத்த துணி காயாது, செருப்பில் பூசணம் பூக்கும், உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். விசிறுவது என்றால் எங்களுக்குக் கரி அடுப்பை மூட்டுவதுதான். அதற்கு ஒரு அட்டைப்பெட்டியின் மூடி போதும். அப்படிப்பட்ட ஊருக்கு, கடல் கடந்த தேசத்தில் ஏதோ ஒரு விருந்து மண்டபத்தில் சீமாட்டி ஒருத்தி வியர்வைக்கு வீசிக்கொள்ளச் செய்த பொருள் வந்து சேர்ந்ததும், வந்து சேர்ந்த பிறகு ஒரு முறைகூட வீசப்படாமல் இருந்ததும் எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கும்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. மணம் செய்துகொள்ளாதவர். எஸ்டேட் வெள்ளைக்காரர் கையில் இருந்த கடைசிக் காலத்தில், சிறு பெண்ணாக, துரை பங்களாவில் ஆயா வேலைக்குப் போனார். சுதந்திரம் கிடைத்துப் பல ஆண்டுகள் ஆன பிறகும் போகாமல் இருந்த அந்தத் துரை, ஒருவழியாக எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கிளம்பினார். கிளம்பும் நாளில் துரைசாணி தன் கண்ணாடி மேசையின் மேல் மிச்சமிருந்தவற்றை ஒரு தகரப்பெட்டியில் அள்ளிப் போட்டுப் பெரியம்மாவிடம் கொடுத்தாராம். ஒரு சீப்பு, கைப்பிடி வைத்த கண்ணாடி, பாதி தீர்ந்த நகப்பூச்சுக் குப்பி, இந்த விசிறி. மதிப்புத் தெரிந்து கொடுத்தாரா, சுமை குறைந்தால் போதும் என்று கொடுத்தாரா என்று யாருக்கும் தெரியாது. பெரியம்மா அதன்பிறகு எஸ்டேட் கிரெச்சில் ஆயாவாகச் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை கொழுந்து பறிக்கப் போன தாய்மார்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். பல தலைமுறைப் பிள்ளைகளை அடக்கி ஆண்ட குரல் அவருக்கு. அந்தக் குரலோடுதான் நான் மோத வேண்டியிருந்தது.

நான் வேதியியல் படித்தவள். பிறகு பழைய காகிதம், தோல், துணி இவற்றைச் செப்பனிடும் பயிற்சி பெற்று, சமவெளியில் ஓர் அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் முதலில் அதில் என்னென்ன கெட்டிருக்கிறது என்று பட்டியல் போடவேண்டும். அதுதான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் ஒழுக்கம். வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் விடுமுறையில் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது, காப்பி ஆறுவதற்குள் அலமாரியின் முன்னால் நின்று மனத்துக்குள் பட்டியல் போட்டு முடித்துவிட்டேன். அலமாரிக்குள் இரவும் பகலும் எரியும் பல்பு. அதன் சூட்டில் உலர்ந்து சுருங்கும் தோல். வெள்ளிக்கிழமைதோறும் காளைமேல் இருப்பவளின் நெற்றியில் வைக்கும் குங்குமம். காளைக்கு விபூதி. பத்தி, சாம்பிராணிப் புகை. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ரவிக்கை. அது ஓவியனின் வேலை இல்லை என்பதும், பின்னால் யாரோ பூசிய நகப்பூச்சு என்பதும் எனக்கு அன்றுதான் புரிந்தது.

"ஏனுங் பெரிம்மா, இந்த ரவிக்கைய ஆரு போட்டது?"

"நாந்தான். ஏன், தையல் செரியில்லையா?"

அப்போது நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு வெகுநாள் நீடிக்கவில்லை.

அந்த ஓவியத்தின் கதையைப் புத்தகங்களில் தேடிக் கண்டுபிடித்து அடுத்த முறை போனபோது அவருக்குச் சொன்னேன். கிரேக்கர்களின் புராணக் கதை அது. தேவர்களின் அரசன் ஓர் இளவரசியைப் பார்த்து ஆசைப்பட்டு, வெள்ளைக் காளையாக உருமாறி வந்து அவள் காலடியில் படுக்கிறான். சாதுவான காளை என்று நினைத்து அவள் மாலை சூட்டி முதுகில் ஏறுகிறாள். ஏறியதும் அது கடலில் பாய்ந்து அவளைக் கடத்திக்கொண்டு போய்விடுகிறது. பெரியம்மா கீரை ஆய்ந்துகொண்டே முழுவதும் கேட்டார். பிறகு எழுந்துபோய் அலமாரிக் கதவைத் திறந்து ஓவியத்தை உற்றுப் பார்த்தார்.

"காளை மேல உக்காந்திருக்கறவ ஆருன்னு எங்களுக்குத் தெரியாதாக்கும். கடத்திட்டுப் போற பொண்ணு மூஞ்சியா அம்மிணி இது? கோயில் நோம்பிக்குப் போறவளாட்டம் இருக்கறா."

"கடத்தறான்னு அவளுக்கு இன்னும் தெரியாதுங்க பெரிம்மா."

"அவளுக்கே தெரியாதது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஆய்வுக்கூடத்தில் என்னைவிட மூத்தவர்களை எல்லாம் ஆதாரம் காட்டி மடக்கியிருக்கிறேன். பெரியம்மாவிடம் என் ஆதாரம் எதுவும் செல்லாது. அவருக்கு அவள் அம்மன், அது ரிஷபம். சிறகு முளைத்த குழந்தைகள் தேவர்கள். கடல் எதற்கு என்று கேட்டால், "அம்மன் கடல் பாக்கப் போகக்கூடாதா?" என்பார். ஊட்டி ஏரிக்கு அப்பால் தண்ணீரே பார்க்காத பெண்மணி.

சிறிய விஷயங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வென்றேன். குங்குமத்தை ஓவியத்தில் வைக்காமல் அலமாரிக் கண்ணாடியில் வைக்கச் சம்மதித்தார். சாம்பிராணி அடுத்த அறைக்குப் போனது. பல்பு விவகாரம் சமரசத்தில் முடிந்தது. மலையில் பல்பு இல்லாத அலமாரியில் வைத்த எதுவும் ஈரத்தில் தேறாது என்பது உண்மைதான்; சின்ன பல்பாக மாற்றி, தள்ளி மாட்டினோம். ரவிக்கையில் மட்டும் அவர் ஓர் இம்மியும் அசையவில்லை. நகப்பூச்சு காலப்போக்கில் இறுகிச் சுருங்கும். சுருங்கும்போது தனக்கு அடியில் இருக்கும் மெல்லிய தோலையும் சேர்த்து இழுக்கும். ரவிக்கையின் ஓரம் நெடுகத் தோல் ஏற்கெனவே அலையலையாக மடிந்திருந்தது. இன்னும் சில காலம் போனால் அந்த ஓரத்திலேயே கிழியும். நகப்பூச்சைக் கரைக்க அசிட்டோன் போதும். பழைய ஓவிய வண்ணம் நீரில் கரைவது, அசிட்டோனில் கரையாது. ஆகவே மேற்பூச்சை மட்டும் எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் ஓவியத்தை அப்படியே மீட்கலாம். என் தொழிலில் இவ்வளவு நேரான வேலை அபூர்வமாகத்தான் அமையும். செய்யத் தெரிந்த ஆள் வீட்டிலேயே இருக்கிறாள். கூலி கிடையாது. செய்யவிட மாட்டேன் என்கிறார்.

ஒவ்வொரு விடுமுறையிலும் இதே பேச்சு. நான் போய் இறங்கும்போதே, "வந்துட்டா பாரு, துணி உருவறவ" என்று வாசலிலிருந்து வரவேற்பார். பக்கத்து வீடுகளில் சிரிப்பார்கள். நான் முதலில் பொறுமையாக விளக்குவேன். பிறகு விளக்கத்தின் குரல் ஏறும். அவர் பாத்திரம் கழுவும் சத்தமும் ஏறும்.

"பெரிம்மா, அது துணியே இல்லைங்க. வெறும் பெயிண்ட். அது தோலையே இழுத்துக் கிழிச்சுப்போடும்."

"கிழிஞ்சா கிழியட்டும். போட்டுக்கிட்டே கிழியட்டும்."

"வரைஞ்சவன் எப்படி வரைஞ்சானோ அப்படி இருக்க வேண்டாமுங்களா?"

"வரைஞ்சவன் போயிட்டான். வெச்சிருக்கறது நானு."

அப்பிச்சி இருந்திருந்தால் எனக்காகப் பேசியிருப்பார் என்று அப்போதெல்லாம் சொல்வேன். அப்பிச்சி என் அம்மாவின் அப்பா. எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தவர். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே காலமாகிவிட்டார். எங்கள் குடும்பத்தில் பெண்பிள்ளை படிக்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் அவர். காரமடைப் பக்கத்து உறவினர்கள் என்னைப் பத்தாவதோடு நிறுத்தச் சொன்னபோது, "அவ படிக்கற வரைக்கும் படிக்கட்டும், ஆரும் குறுக்க வராதீங்க" என்று சொல்லி அவர்களை மஞ்சூர் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பழைய பொருள் எதையும் தூக்கிப் போடமாட்டார். கைப்பிடி உடைந்த குடையைக்கூடக் கம்பி சுற்றிச் சரிசெய்வார். என் வேலையின் விதை அவரிடமிருந்துதான் வந்தது என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். "அப்பிச்சிக்கு இதோட அருமை தெரிஞ்சிருக்கும், உங்களுக்குத்தான் தெரியல" என்று ஒருமுறை கோபத்தில் பெரியம்மாவிடமே சொன்னேன். அவர் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டார். பதில் இல்லாததால் பேசாமல் இருக்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஊட்டியில் ஒரு கண்காட்சிக்கு ஏற்பாடு நடந்தது அதற்குப் பிந்திய ஆண்டு. மலையில் பழைய வீடுகளிலும் பங்களாக்களிலும் புழங்கிய பொருட்களைச் சேகரித்து நிரந்தரமாக வைக்கப்போவதாகச் சொன்னார்கள். ஈரப்பதம் கட்டுப்படுத்திய கண்ணாடிப் பேழைகள், முறையான விளக்கு, பொறுப்பான ஆட்கள். விசிறிக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது. புகைப்படம் எடுத்து அனுப்பினேன். ஏற்பாட்டுக் குழுவின் செயலாளர் நேரிலேயே பேசினார். ஓய்வுபெற்ற அதிகாரி, மென்மையான மனிதர்.

"அருமையான பீஸும்மா. அந்தச் செவப்பை மட்டும் எடுத்துக் குடுத்துருங்க. அப்படியே வெச்சா வர்றவங்க சிரிப்பாங்க, உங்க பெரியம்மாவுக்கும் நல்லாருக்காது."

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். பெரியம்மாவைச் சம்மதிக்க வைக்கும் காரணங்களைப் பஸ்ஸில் வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். ஆனால் எதையும் சொல்லத் தேவைப்படவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் அலமாரியின் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார். ரவிக்கையின் தோள்பக்கத்திலிருந்து ஒரு சில்லு உரிந்து கீழ்த்தட்டில் விழுந்திருந்தது. எச்சில் தொட்ட விரலால் அதை ஒற்றி எடுத்து, விழுந்த இடத்திலேயே ஒட்ட வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை எடுத்தால் அதுவும் கூடவே வந்தது. மறுபடி வைத்தார். மறுபடி வந்தது. என்னைப் பார்த்ததும் அந்தச் சிவப்புச் சில்லை என் உள்ளங்கையில் வைத்து, "செரி, நீயே பாரு" என்றார். "கை ஓரத்துல கொஞ்சூண்டு மட்டும். பாத்துப்போட்டு என்னையக் கேக்காம அக்கட்டப் போகக்கூடாது."

அன்று நல்ல வெளிச்சம். சன்னலோரம் மேசையைப் போட்டு வெள்ளைத் துணி விரித்தேன். பெரியம்மா எதிரே நாற்காலியில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கிரெச்சில் ஊசி போடவரும் நர்ஸை அவர் இப்படித்தான் பார்ப்பார் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். இடக்கையின் சிவப்பு முடியும் ஓரத்தில், பஞ்சு சுற்றிய குச்சியை அசிட்டோனில் தொட்டு மெதுவாக உருட்டினேன். பஞ்சில் சிவப்பு ஏறியது. புதுப் பஞ்சு. மறுபடி சிவப்பு. மெல்ல மெல்ல மினுக்கம் போய், அடியிலிருந்து இளஞ்சிவப்பாக ஒன்று தெரிந்தது. கையின் நிறம். அந்த ஓவியன் தீட்டிய கை. "பாத்தீங்களா பெரிம்மா, எப்படி இருக்குது பாருங்க" என்றேன். அவர் பார்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக் கண்ணில் மாட்டிக் குனிந்தேன். அங்கே கை இல்லை. வண்ணமே இல்லை. நான் கையின் நிறம் என்று நினைத்தது, வெறும் தோலில் நகப்பூச்சின் சாயம் இறங்கிய கறை. தோலின் மேற்பரப்பு நார் நாராக எழும்பி நின்றது. அதன் குறுக்கே, ஒன்றை ஒன்று ஒட்டி, நேர்கோடுகளாகக் கீறல்கள். அசிட்டோன் இப்படிச் செய்யாது. பஞ்சும் செய்யாது. பூச்சு உரிந்த தோள்பக்கத்தையும் பார்த்தேன். அங்கேயும் கீறல்கள். விசிறியைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். ரவிக்கை இருந்த இடம் முழுவதும் தோல் மெலிந்து, சிவப்பின் ஊடே வெளிச்சம் தெரிந்தது. யாரோ கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் பிளேடால் வழித்தெடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல்தான் ரவிக்கை வந்திருக்கிறது.

"சொரண்டியிருக்குது" என்றேன். "ஏனுங் பெரிம்மா, நீங்களா சொரண்டுனீங்க?"

"நான் எதுக்குச் சொரண்டறேன்."

"அப்பறம் ஆரு?"

எழுந்துபோய் அடுப்பில் பாலை வைத்தார். பால் பொங்கியதும் இறக்கி வைத்தார். பிறகு எனக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னார்.

"உங்கப்பிச்சி."

காரமடையிலிருந்து பெரியம்மாவைப் பெண் பார்க்க வந்தார்களாம். அப்போது விசிறி சுவரில் மாட்டியிருந்தது. மாப்பிள்ளையின் அத்தை பலகாரம் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்திருக்கிறார். "துரை ஊட்டுல இதையெல்லாம் பாத்துத்தான் வளந்துச்சுங்களா பொண்ணு?" என்று கேட்டிருக்கிறார். கேட்டது அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்குள் என்னென்ன இருந்தது என்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். பங்களாவில் வேலை செய்த கல்யாணமாகாத பெண். சுவரில் மேலாடை இல்லாத ஒரு பெண்ணின் படம். வந்தவர்கள் கையைக் கழுவிக்கொண்டு பஸ்ஸைப் பிடித்துப் போனார்கள். தகவல் எதுவும் வரவில்லை. அவர்களுக்குப் பிறகும் யாரும் வரவில்லை.

"அவிய போன ஒடனே செவுத்துலிருந்து எடுத்தாரு. அது சாமிங்கப்பான்னு சொன்னேன். சாமியா இருந்தா இன்னும் மோசம்னு சொல்லிப்போட்டு வழிச்சாரு. கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே மிச்சம் வெக்கல. மூஞ்சிக்குப் பிளேடு வரும்போது புடுங்கிட்டேன்."

"அப்பறம் அப்பிச்சி ஒண்ணும் சொல்லலீங்களா?"

"என்ன சொல்லுவாரு? நாலு நா ஆருகிட்டவும் பேசல. அப்பறம் அவரேதான் பலகை அறுத்து அலமாரி செஞ்சாரு. பல்பு மாட்டுனதும் அவருதான்."

படத்தில் அந்த இடம் பொத்தல் போலத் தெரிந்ததாம். பார்க்கவே முடியவில்லையாம். துரைசாணி கொடுத்த பெட்டியில் இருந்த ஒரே நிறம் அந்தச் சிவப்புதான். ஆகவே ரவிக்கை. பெரியம்மா அவளுடைய மானத்தை மூடவில்லை. அவளுடைய காயத்தை மூடியிருக்கிறார். என் தொழிலில் இதற்குப் பெயர் உண்டு. அழிந்த இடத்தை நிரப்புவது என்போம். நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வதும் அதைத்தான்.

எனக்கு வந்தது கண்ணீர் அல்ல, கோபம்தான். இத்தனை விடுமுறைகள், இத்தனை விளக்கங்கள். வாசலில் நின்று அவரை ஒன்றும் தெரியாதவர் என்று நான் சொன்னதை எல்லாம் வாங்கிக்கொண்டார். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கத்தினேன் என்பதுதான் சரி. பெரியம்மா டம்ளரை என் முன்னால் வைத்தார்.

"ஒடஞ்ச கொடைக்குக் கம்பி சுத்துனாரு, என்னையப் படிக்க வெச்சாருன்னு நீ பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியற. அதைய எதுக்குக் கெடுக்கறது?"

"உங்களையத்தான நான் தப்பா நெனச்சுட்டு இருந்தேன்?"

"நெனச்சா என்ன? நான் இங்கதான இருக்கறேன், எப்ப வேணுமின்னாலும் திட்டிக்கலாம். அவரு வந்து பதில் சொல்ல முடியுமா?" என்றார். பிறகு மேசையின் மேல் கிடந்த விசிறியைப் பார்த்து, "மொதல்ல அந்தக் கையைப் பழையபடி பண்ணிக் குடு" என்றார்.

அங்கிருந்துதான் அடுத்த தொல்லை தொடங்கியது. பழைய பொருளில் புதிதாக எதைச் சேர்த்தாலும், தேவைப்பட்டால் பின்னால் எடுத்துவிடக்கூடியதாக இருக்கவேண்டும். பழையதோடு கலந்து ஏமாற்றக்கூடாது. அடியில் தீங்கு செய்யக்கூடாது. இது எங்கள் பாலபாடம். நீர்வண்ணம் குழைத்து, சிவப்பை நிதானமாகப் பொருத்தி, அந்த ஓரத்தை நிரப்பினேன். ஒரு முழுப் பகல் அதற்குப் போயிற்று. என் ஆசிரியர்கள் பார்த்திருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார்கள். பெரியம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"மினுங்கலையே."

"மினுங்கக்கூடாதுங்க பெரிம்மா."

"ஒரு கை மினுங்குது, ஒரு கை செத்த மாதிரி இருக்குது. பாக்கறவிய கேக்க மாட்டாங்களா?"

வாதாடிப் பார்த்தேன். தோற்றேன். மறுநாள் குன்னூர் பஜாரில், உரிந்த சில்லைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு, ஃபேன்சி ஸ்டோர் பாயிடம் போய் நின்றேன். சிவப்பு நகப்பூச்சுகளை வரிசையாக எடுத்து மேசைமேல் அடுக்கினார். ஒவ்வொன்றையும் சில்லோடு வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"கல்யாணத்துக்குங்களாம்மா? எந்த சேலைக்கு மேட்ச் பாக்குறீங்க?"

"ரவிக்கைக்குங்க பாய்."

"ரவிக்கைக்கு மேட்ச் பாத்து நகத்துக்குப் பூசறவங்களை இன்னைக்குத்தாம்மா பாக்குறேன்" என்று சொல்லி இன்னும் இரண்டு குப்பிகளை எடுத்து வைத்தார். துரைசாணியின் சிவப்பு எதிலும் இல்லை. அந்தச் சிவப்பு பல்பு வெளிச்சத்தில் இத்தனை காலம் கிடந்து கனிந்த சிவப்பு. உள்ளதில் நெருக்கமானதை வாங்கிக்கொண்டு வந்தேன். அடியில் ஒரு தடுப்புப் பூச்சு மட்டும் கொடுத்தேன். என் படிப்பிலிருந்து நான் காப்பாற்றிக்கொண்ட ஒரே மரியாதை அது. அதன்மேல் மிக மெல்லிய தூரிகையால், ஒரு பழம்பொருளின் மேல், நகப்பூச்சைப் பூசினேன். உரிந்து நின்ற மற்ற ஓரங்களையும் பசை கொடுத்து அழுத்தினேன். பெரியம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "புதுத்துணி போட்டு ஒட்டுப்போட்ட மாதிரி இருக்குது" என்றார். அதற்கு மேல் பாராட்டு எதையும் அவரிடம் எதிர்பார்க்க முடியாது.

செயலாளர் விசிறியை ஏற்கவில்லை. அடியில் ஓவியம் இல்லை என்று மட்டும் சொன்னேன். யாரால், எப்போது என்று சொல்லவில்லை. அவரும் மேலே கேட்கவில்லை. "அப்ப அது ரொம்ப டேமேஜும்மா, எங்களால வெக்க முடியாது" என்று அவருடைய வழக்கமான மென்மையோடு சொன்னார். சிவப்புப் பூச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு, அதையும் காட்டலாம் என்று வாதாடினேன். ஆனால் அந்த வரலாறு என்ன என்பதைச் சொல்லாமல் எப்படி வாதாடுவது? பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொண்டு திரும்பினேன். விசிறி மறுபடி அலமாரிக்குள் பல்புக்குப் பக்கத்தில் போனது.

பெரியம்மா காலமான பிறகுதான் அம்மாவிடம் இந்தப் பேச்சை எடுத்தேன். அம்மா சிறிதும் திடுக்கிடவில்லை. பெண் பார்க்க வந்த அன்று அம்மாவும் அதே அறையில்தான், பலகாரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாராம். "எனக்குத் தெரியாம என்ன?" என்றார். "உங்கிட்டச் சொல்லலாம்னா நீ எப்ப கேட்டே? வந்தா நின்னு பாடந்தான எடுப்பே." நான் கேட்டேன். யார் ரவிக்கை போட்டது என்று முதல் நாளே கேட்டேன். ஏன் எடுக்கக்கூடாது என்று எத்தனையோ முறை கேட்டேன். அம்மா சொல்வதை இன்றுவரை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு குடும்பமே சேர்ந்து ஒருத்தியிடம் வாயை மூடிக்கொண்டு, அவள் கேட்கவில்லை என்று சொல்வது நியாயமா? இப்போது அம்மாவும் இல்லை. மறைத்துக் காப்பாற்ற வேண்டியவர்கள் யாரும் மிச்சமில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். அப்பிச்சியின் மேல் எனக்கிருந்த மதிப்புக் குறைந்ததா என்றால், குறையத்தான் செய்தது. ஆனால் குறைந்த இடத்தை வேறு எதாலும் நிரப்பத் தெரியாமல், அவர் செய்த அலமாரியையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

விசிறி மட்டும் இப்போது ஆய்வுக்கூடத்தில், என் மேசைக்கு அருகே, இருட்டான ஒரு இழுப்பறையில் இருக்கிறது. மங்கிய கடல், மங்கிய தோழிகள், நோம்பிக்குப் போகிற முகத்தோடு காளைமேல் அவள். அண்மையில் ஓவியங்களைச் செப்பனிடுவதில் கெட்டிக்காரரான ஒரு சக ஊழியர் அதைப் பார்க்கவேண்டும் என்றார். விளக்கின் கீழே விரித்து, உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நகப்பூச்சு. ரெண்டு பேர் கை வெச்சிருக்காங்க" என்றார். "மொத ஆள் பரவாயில்லைங்க. பொறுமையாப் பூசியிருக்காங்க, காளை மேலயோ கழுத்து மேலயோ ஒரு துளிகூட வழியல. இந்த இடக்கைதான் கெட்டுப்போச்சு. செவப்பும் சேரல, ஓரமும் நேரா இல்ல. எந்த அரைகுறை பண்ணுன வேலைன்னு தெரியுங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யார்மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"நான்தான்" என்றேன்.